இடுப்பளவுத் தண்ணீர்

பிள்ளைக்குக் காரியம் முடியும் முன்பே அய்யம்மாள் வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

ஓடைத்தெருவில் அதைப் பற்றி வாய்க்கு வாய் பேசினார்கள். வெள்ளம் வடிந்து தெருவெல்லாம் சேறாகக் கிடந்தது. நனைந்த நெல்லை வெயிலில் பரப்புவதும், செத்த கோழிகளை அள்ளிக் குழியில் போடுவதுமாக ஆளுக்கு ஆள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், மூன்று வயது மகளைப் பறிகொடுத்த ஒருத்தி, தலையைக்கூட முடியாமல், வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து வைத்துக்கொண்டு சுவரை வெளுத்தாள். அதைப் பார்த்த யாருக்கும் மனசு துணுக்கென்றுதான் இருந்தது. புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். அவள் புருஷன் சோலைமலை வாசலில் உட்கார்ந்து மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடமாட உதவவும் இல்லை.

ஐம்பத்தாறாம் வருஷத்து ஐப்பசி அது. திண்டுக்கல்லிலிருந்து வடமதுரை போகிற சாலையில், பாதி வழியில் இருந்தது கரட்டுப்பேட்டை. சின்ன ஊர். ஒரு சந்தை, ஒரு கடைத்தெரு, கோயில், மாதா கோயில். ஊரை இரண்டாக வகிர்ந்துகொண்டு குருட்டோடை போயிற்று. ஓடை என்று பேர்தானே தவிர, வருஷத்தின் பெரும்பாலான மாதங்களில் அதில் மணல்தான் கிடக்கும். ஆடுகள் படுத்துக் கிடக்கும். சந்தை நாளில் வண்டிகளை அவிழ்த்துப் போடுவார்கள். கூட்டம் மிஞ்சிய கல்யாணத்துக்கு அதிலேயே பந்தி போட்டதும் உண்டு. மலைப்பக்கம் அது எங்கே தொடங்குகிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாததால் அந்தப் பேர் வந்ததாகச் சொல்வார்கள்.

செம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து மாமன் மகனுக்கு வாக்கப்பட்டு அந்தத் தெருவுக்கு வந்தவள் அய்யம்மாள். ஓடைக்கரைக் கிணற்றுப் பாய்ச்சலில் கனகாம்பரமும் மல்லிகையும் போட்டிருந்தார்கள். அவள் பூப் பறிப்பாள். தெருக்காரர்களின் பூவையும் காயையும் சேர்த்துக் கட்டி சோலைமலை வண்டியில் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவான். கல்யாணமாகிக் கொஞ்சம் தாமதித்துப் பிறந்தவள் பொன்னழகு. எந்நேரமும் அம்மாவின் இடது இடுப்பில்தான் இருப்பாள். இறக்கிவிட்டால் அழுவாள்.

வெள்ளம் வந்த அன்று ஊரில் ஒரு பொட்டு மழை இல்லை. மலைப்பக்கம் மட்டும் மத்தியானத்திலிருந்து கருகருவென்று இருந்தது. சாயங்காலம் மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, மேலே எங்கோ ஒரு கண்மாய் உடைந்துவிட்டது. நிறைய பார வண்டிகள் சேர்ந்து பாலத்தில் ஓடுவது போல ஒரு சத்தம் வந்தது. என்னவென்று தெருவாசிகள் எட்டிப் பார்ப்பதற்குள் தண்ணீர் முற்றத்தில் நின்றது. பொழுது அடைவதற்குள் வடிந்தும் போயிற்று. அத்தனை தெருவிலும் போன உயிர் பொன்னழகு ஒருத்திதான். ஊருக்குக் கீழே உடைமரப் புதரில் கிடைத்தாள்.

“கூரை முட்டத் தண்ணி வந்துச்சு. என் கையில இருந்து அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு.” கேட்டவர்களிடமெல்லாம் அய்யம்மாள் சொன்னது இவ்வளவுதான். சோலைமலை அன்று வண்டியோடு திண்டுக்கல்லில் இருந்தான். வழியெல்லாம் தண்ணீர் நின்றதால் மறுநாள் காலையில்தான் வீடு வந்து சேர்ந்தான். அவனிடமும் அதையேதான் சொன்னாள்.

அதன்பிறகு அவள் நடை மாறிப்போயிற்று. இடது இடுப்பை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு, இடது கையை வளைத்தபடி நடந்தாள். பூக்கூடையை வலப்பக்கமே வைத்தாள். குனிந்து பூப் பறிக்கும்போது இடுப்பில் கனம் தெரியும். சரியாக ஒரு பிள்ளையின் கனம். நிமிர்ந்தால் அது கொஞ்சம் மேலே ஏறி உட்காரும். பயமாக இருந்தது. இல்லாமல் போய்விடுமோ என்பது அதைவிடப் பயமாக இருந்தது.

சுவரும் அவளை விடவில்லை. தை பிறந்து ஒரு பனிக்காலையில், வெள்ளைச் சுண்ணாம்புக்குள்ளிருந்து மங்கலாக ஒரு மஞ்சள் கோடு கிளம்பியது. மூலைக்கு மூலை, நூல் பிடித்த மாதிரி, அவள் இடுப்பு உயரத்தில். வண்டல் தண்ணீர் நின்ற கறை. மறுபடி சுண்ணாம்பு அடித்தாள். கோடை மழைக்கு மறுபடி வந்தது. செம்மண்ணைக் குழைத்துப் பூசினாள். செம்மண் காய்ந்ததும் அதற்குள்ளிருந்து உப்புப் பூத்துக்கொண்டு அதே கோடு வந்தது. கடைசியில் சாக்குகளை வரிசையாக மாட்டித் தொங்கவிட்டு மறைத்தாள். சோலைமலை சாப்பிடும்போது அந்தச் சாக்குகளின் பக்கம் முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டான்.

பக்கத்து வீட்டு இஞ்ஞாசியம்மாளோடு அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். ஏன் என்று தெருவில் யாருக்கும் விளங்கவில்லை. வெள்ளத்தன்று மயங்கிக் கிடந்த அய்யம்மாளைச் சேற்றிலிருந்து தூக்கிக்கொண்டு போய்த் துணி மாற்றிவிட்டதே அந்த அக்காதான். இஞ்ஞாசியம்மாளும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது இந்த வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் திண்டுக்கல்லிலிருந்து ஓவர்சியர் அருளப்பன் வந்தார். மறுபடி வெள்ளம் வந்தால் ஓடைத்தெருவில் எந்த வீடு தாங்கும், எந்த இடத்தில் குடியிருக்கக்கூடாது என்று பார்த்துச் சொல்லும்படி அவருக்கு உத்தரவு. மெலிந்த மனிதர். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். முக்காலி மேல் அளக்கிற கண்ணாடியை வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பதும், எதிரே இரண்டு ஆட்கள் கோலை நிறுத்துவதுமாக நாள் முழுக்க நடந்தது. பிறகு வீடு வீடாக வந்து, தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டார். சனங்கள் சுவரில் இருந்த கறையைக் காட்டினார்கள். கறை மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அய்யம்மாள் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். விஷயம் அவருக்கு முன்பே யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“கேக்கறதுக்குச் சங்கடமா இருக்கு தாயி. ஆனா கேட்டுத்தான் ஆகணும். இங்க தண்ணி எம்புட்டு ஒசரம் வந்துச்சு?”

அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கினாள். “உத்திரத்தத் தொட்டுச்சுய்யா.”

கோல் பிடிக்கிற ஆள் சிரித்துவிட்டான். “ரெண்டு பக்கத்து வீட்லயும் இடுப்புக்கு மேல வரல. இந்த வீட்டுக்கு மட்டும் தனித் தண்ணியா வந்துச்சு?”

அருளப்பன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அவர் கண் தொங்கிய சாக்குகளின் மேல் போயிற்று. எட்டிக் கையை வைத்தால் விலக்கிவிடலாம். விலக்கவில்லை. சோலைமலையைப் பார்த்துக் கேட்டார்.

“நீங்க என்ன சொல்றீங்க?”

“நான் அன்னிக்கு ஊர்ல இல்லங்கய்யா.” சோலைமலை தரையைப் பார்த்தபடி சொன்னான். “அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“சரிப்பா” என்று சொல்லிவிட்டு அருளப்பன் அந்தச் சுவரில் கோடு போடாமலே போய்விட்டார்.

அய்யம்மாள் அன்று உலை வைக்கவில்லை. புருஷன் குரல் காதிலேயே நின்றது. அவ சொன்னா சரியாத்தான் இருக்கும். நம்பிச் சொன்ன குரல் இல்லை அது. கனமான ஒன்றை ஆள் தெரியாமல் ஒரு கை கொடுத்துப் பிடிக்கிற குரல். அவன் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்றால், என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். எவ்வளவு நாளாகத் தெரியும்?

கார்த்திகை அடைமழையில் குருட்டோடை ஓடத் தொடங்கியது. வெள்ளம் என்று சொல்ல முடியாது. கரைக்குள் அடங்கி, செந்நிறமாகச் சுழித்து ஓடியது. தண்ணீரின் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்று அருளப்பன் மறுபடி வந்திருந்தார். மேலே ஒருவன் தென்னை மட்டைத் துண்டுகளை எறிவான். கீழே அவர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, அவை தன்னைத் தாண்டும் நேரத்தைப் பார்ப்பார். வேடிக்கை பார்க்கக் கரை நெடுகக் கூட்டம். பிள்ளை போனதிலிருந்து ஓடைப்பக்கம் திரும்பியே பார்க்காத அய்யம்மாளும் அன்று வந்தாள். தன் வீட்டுச் சுவரைத் தொடாமல் போன மனுஷன் என்னதான் செய்கிறார் என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் வேலியோரம் நின்றுகொண்டாள்.

தண்ணீருக்குள் நட்டிருந்த அளவுகோல் சாயத் தொடங்கியது. “இருங்க, நானே எடுத்துட்டு வாரேன்” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருளப்பன் இறங்கினார். முழங்கால் வரைக்கும் நடந்தார். தொடைக்கு வந்தது. கோலைப் பிடிக்கக் கையை நீட்டினார். அவ்வளவுதான் கண்டது. மனுஷனைக் காணோம்.

கூட்டம் கத்தியது. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கை மேலே வந்து முங்கியது. சோலைமலை வண்டிக் கயிற்றை எடுத்துக்கொண்டு கரையோடு ஓடினான். கல் தடுப்பு ஒன்றில் அவர் முட்டி நின்ற இடத்தில் கயிற்றை வீசினான். நாலைந்து பேர் சேர்ந்து இழுத்துப் போட்டார்கள். குப்புறக் கிடந்து தண்ணீரைக் கக்கினார். மூக்குக்கண்ணாடி போய்விட்டது. நெற்றியில் ரத்தம்.

உயிர் பிழைத்துவிட்டார் என்று தெரிந்ததும் கூட்டத்துக்குச் சிரிப்பு வந்தது. “தொடைத் தண்ணிக்கே ஓவர்சியர் சாஞ்சுட்டாருடா!” என்றான் ஒருவன்.

அருளப்பன் எழுந்து உட்கார்ந்தார்.

“சிரிக்காதீங்கப்பா. நான் காவேரிக்கரையில பொறந்தவன். நல்லா நீந்துவேன். கால் தரையில பாவவே இல்ல. ஒசரத்த அளந்துட்டுத் திரிஞ்சேனே, நிக்கிற தண்ணிக்குத்தான் ஒசரம். ஓடுற தண்ணி தொடையளவு போதும், யானையாட்டம் கால் இருந்தாலும் வாரிடும். எவனாலயும் நிக்க முடியாது.”

அய்யம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். எப்படி வந்தாள் என்று பின்னால் அவளுக்கே நினைவில்லை. அவர் எதிரே நின்றாள்.

“அய்யா, எங்க வீட்ல இடுப்பளவுதான்யா வந்துச்சு.”

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த சோலைமலையின் கை நின்றது. அருளப்பன் கண்ணாடி இல்லாத கண்களைச் சுருக்கி அவளை அடையாளம் பார்த்தார்.

“தெரியும் தாயி” என்றார். “இடுப்பளவு ஓடுற தண்ணில கையில பிள்ளையோட யாராலயும் நின்னிருக்க முடியாது. நீ என்ன செஞ்சிருக்க முடியும்?”

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. அவருக்குப் பாதிதான் தெரியும்.

மீதியை வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, கோட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னாள்.

“நான் வெளிய தூக்கிட்டு வந்தேன் மாமா. கனகாம்பரம் கட்டிக்கிட்டு இருந்தேன். தண்ணி கதவுக்குள்ள வந்துச்சு. முழங்கால் அளவுதான். பயந்துட்டேன். தெருமுக்குல மேடு இருக்கே, அங்க போயிருவோம்னு பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு இறங்கிட்டேன். இஞ்ஞாசியக்கா பரண்ல இருந்து சன்னல் வழியாக் கத்துச்சு, வெளிய வராத, வெளிய வராத, மேல ஏறுன்னு. கேட்டுச்சு. கேட்டும் போனேன். தெருமுக்குல கால் வாரிருச்சு. கை… என் கை பிரிஞ்சிருச்சு மாமா. இந்தச் சுவரு விழல. வீட்டுக்குள்ள இருந்திருந்தா அவ இருந்திருப்பா.”

சோலைமலை கீழே கிடந்த சாக்குகளில் ஒன்றை எடுத்து மடித்தான். பிறகு சொன்னான்:

“தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“மறுநாள் காலையில வந்தேன்ல. பரண்ல மொளகா வத்தல் காஞ்சபடியே கெடந்துச்சு. மேல் கொடியில அவ பாவாடை நனையாம தொங்குச்சு. கூரை முட்டத் தண்ணின்னு நீ சொன்னே.”

“தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?”

“கேட்டா நீ சொல்லணும். சொல்லிட்டா நான் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல.” அவன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான். “நான் இருந்திருந்தாலும் பிள்ளையத் தூக்கிட்டு ஓடத்தான் செஞ்சிருப்பேன்.”

அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று அய்யம்மாளுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. மறுநாள் இஞ்ஞாசியம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றாள். இஞ்ஞாசியம்மாள் அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்காரவைத்து, “கஞ்சி குடிச்சியா?” என்று மட்டும் கேட்டாள்.

அருளப்பன் நெற்றிக் கட்டோடு வந்து சுவரில் சிவப்புக்கோட்டை இழுத்துவிட்டுப் போனார். அவர் முதலில் போட்டிருந்த கணக்கை மாற்றினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் ஏறிய உயரத்தோடு, அது எந்த வேகத்தில் எந்தத் தெருமுக்கில் திரும்பும் என்பதையும் பார்த்துக் கல் நட்டார். கல்லுக்கு ஓடைப் பக்கம் உள்ள மண்சுவர் வீட்டுக்காரர்கள் மேட்டுக்குப் போய்விட வேண்டும். கல்சுவர் வீடுகள் தாங்கும். ஆனால் தண்ணீர் வந்தபின் வாசலைத் தாண்டக்கூடாது, பரணில் ஏறிவிட வேண்டும். இதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பாதிப் பேர் மேட்டுக்குப் போனார்கள். மீதிப் பேர் கிணறும் பூந்தோட்டமும் இங்கே இருக்க எப்படிப் போவது என்று தங்கிவிட்டார்கள். அருளப்பன் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். தங்களுடையது கல்சுவர் வீடுதான் என்றாலும், அங்கே இருக்க மனசில்லாமல் அய்யம்மாளும் சோலைமலையும் மேட்டில் ஒரு கூரை போட்டுக்கொண்டார்கள். இடுப்புக் கனம் அங்கேயும் கூடவே வந்தது. வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அறுபத்திரண்டில் மறுபடி வெள்ளம் வந்தது. அதே மாதிரி ஊரில் மழையில்லாத ஒரு சாயங்காலம். மேட்டில் கட்டின பூவை உதறிக்கொண்டிருந்த அய்யம்மாளுக்குத்தான் முதலில் அந்தச் சத்தம் கேட்டது. ஆறு வருஷமாகத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். நிஜம்தானா என்று ஒரு கணம் நின்றாள். மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. உடனே ஓடினாள்.

தெருமுக்கில் மேடு முடிகிற இடத்தில் நின்றபோது தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. அவர்கள் விட்டுவந்த கல்வீட்டில் புதிதாகக் குடியிருந்தவள் கண்ணம்மாள். வேடசந்தூரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சின்னப்பெண். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டிக் கால் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் முழங்காலில் மோதியது.

“உள்ள போ! பரண்ல ஏறு!”

“அக்கா, செத்த நேரந்தானே, அங்க வந்திர்றேன்!” என்று கத்திக்கொண்டே அவள் இன்னொரு காலையும் இறக்கினாள்.

அய்யம்மாளுக்கு என்ன நேர்ந்ததென்று தெரியவில்லை. மேட்டிலும் பரண்களிலும் நின்ற அத்தனை சனத்துக்கும் கேட்கும்படி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“ஏ பாவி! எம்புள்ளைய இதே வாசல்ல தூக்கிட்டு வந்துதான்டி நான் கொன்னேன்! வீடு நின்னுச்சு, புள்ளை போச்சு! போடி உள்ள!”

கண்ணம்மாள் அப்படியே நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். திரும்பிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பரண் சன்னலில் அவள் முகம் தெரிந்தது. தண்ணீர் இடுப்பளவு ஏறி, தெருமுக்கில் சுழன்று அடித்துக்கொண்டு போயிற்று. விளக்கு வைக்கிற நேரத்தில் வடிந்தது. ஆள் சேதம் இல்லை.

பிற்பாடு தெருவில் அவளைப் புகழ்ந்தார்கள். கண்ணம்மாள் குழந்தையைக் கொண்டுவந்து காட்டினாள். அய்யம்மாள் அதன் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஒரு பிள்ளை பிழைத்ததால் இன்னொரு பிள்ளை வந்துவிடாது. எல்லாரும் அறிய அந்த வார்த்தையைச் சொன்னபின் ராத்திரிகளில் மூச்சு மட்டும் கொஞ்சம் லேசாக இறங்கியது.

அந்த மாதம் ஒருநாள் சாப்பிடும்போது, வெஞ்சனத்துக்குக் கையை நீட்டிய சோலைமலை திடீரென்று சொன்னான்:

“பொன்னழகு மொதமொதல்ல பேசுனது ‘மாடு’ன்னு.”

அந்தப் பேரை அவன் வாயால் கேட்டு ஆறு வருஷம் ஆகியிருந்தது. அய்யம்மாள் அகப்பையோடு நின்றாள்.

“இல்லயே. ‘பூ’ன்னுதான் சொன்னா.”

“மாடுன்னா. நான் வண்டி பூட்டிக்கிட்டு இருந்தேன். என்னையப் பாத்துச் சொன்னா.”

“அது ரெண்டாவது. நீங்க வரும் முன்னாடியே என்கிட்ட பூன்னு சொல்லிட்டா.”

“நீ எப்பவும் இப்படித்தான்” என்றான் சோலைமலை. அவனும் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. சோறு ஆறிப்போகிற வரைக்கும் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.